அண்ணத்தில் புதைந்த கோரைப்பல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 13 வயது. மேல் கோரைப்பல் பொதுவாக 11, 12 வயதில் முளைத்துவிடும். அவளுக்கு இடப்பக்கம் பால்பல் இன்னும் ஆடக்கூட இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் நிரந்தரப் பல் அண்ணத்துப் பக்கம் சாய்ந்து புதைந்திருக்கிறது. பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அது அரிக்கத் தொடங்கியிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். வலியே தெரியாமல் வேர் கரையுமாம், அதுதான் பயமாக இருக்கிறது. சிபிசிடி ஸ்கேன் (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஈறைத் திறந்து, பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கிளிப் போட்டு மெல்ல இழுப்பார்களாம்.

இதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் பிடித்தது? வேர் அரிக்கப்பட்ட வெட்டுப்பல் நிலைத்ததா? புதைந்த பல்லையே எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதுரைப் பக்கம் நல்ல பல்சீரமைப்பு மருத்துவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.