எமோஷன் டிடெக்‌ஷனுக்கு ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வணிக இதழுக்குக் கட்டுரை எழுதும் நண்பர் இரண்டு உதவிகள் கேட்டிருந்தார். எமோஷன் டிடெக்‌ஷனுக்கு (முகத்தையோ குரலையோ வைத்து ஒருவரின் உணர்ச்சியைக் கணினி சொல்லும் தொழில்நுட்பம்) ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். அந்தத் தொழில்நுட்பத்துக்குக் கட்டணம் வாங்கும் முறைகளைக் குறிக்கவும் சில சொற்கள் வேண்டும். முதலாவதற்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் 'உணர்ச்சி கண்டறிதல்' முன்னணியில் நிற்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விற்பவரே கொடுக்கத் தயங்கும் உறுதிமொழியை இந்தச் சொல் வாங்குபவருக்குக் கொடுத்துவிடுகிறது.

அமேசானின் ரெக்கக்னிஷன் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகப்படத்தை அனுப்பினால் மகிழ்ச்சி, சோகம், கோபம், குழப்பம், அருவருப்பு, வியப்பு, அமைதி, அச்சம் ஆகிய பெயர்களும் அவற்றுக்கு எதிரே சதவீதங்களும் திரும்பி வருகின்றன. ஆனால் இது முகத்தின் புறத்தோற்றத்தைப் பற்றிய முடிவு மட்டுமே என்றும், அந்த மனிதரின் உள்ளத்து நிலையைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே சேவையின் கையேடு எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2019இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரட்டும் உடன் நால்வரும் முகபாவ ஆய்வுகளை விரிவாக அலசினார்கள். கோபம் கொண்டவர்கள் முகம் சுளிப்பது ஏறத்தாழ 30 சதவீத வேளைகளில்தான் என்பது அதில் தெரிந்தது. புருவத்தை நெரிப்பவர் கோபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுக்கொண்டும் இருக்கலாம்.

> 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று வள்ளுவரே சொல்லியிருக்கும்போது, கண்டறிய முடியாது என்று எப்படிச் சொல்வது?

இப்படிக் கேட்ட ஐயா, நெஞ்சில் உள்ளதை முகம் காட்டும் என்று சொல்லும் அந்தக் குறள் இருக்கும் குறிப்பறிதல் அதிகாரத்தில் நான்கு குறள்களுக்கு முன்னால் பாருங்கள். ஐயத்துக்கு இடமின்றி அகத்தில் உள்ளதை உணர்பவனைத் தெய்வத்தோடு ஒப்பக் கொள்ளச் சொல்கிறார். அந்த ஆற்றல் எவ்வளவு அரிது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேமராவுக்கு அந்த இடத்தைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

என் பரிந்துரை 'மெய்ப்பாடு', அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலே மெய்ப்பாட்டியல்தான். நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டு. உளவியலாளர் பால் எக்மன் அடிப்படை உணர்ச்சிகள் என்று வகுத்த மகிழ்ச்சி, துயரம், அச்சம், கோபம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறுக்கும் இந்தப் பட்டியலில் ஏறக்குறைய இணை கிடைக்கிறது. (இளிவரலை அருவருப்போடு அப்படியே பொருத்த முடியாது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் அது பிறப்பதாகத் தொல்காப்பியர் சொல்கிறார்.) மிஞ்சி நிற்பவை நகையும் பெருமிதமும். நமக்கு வேண்டிய வெளிச்சம் அந்த நகையில் இருக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள். உவகை தனி, அதற்கு வேறு நான்கு. கன்னம் உயர்ந்து உதட்டோரம் மேலே போனால் மென்பொருள் உடனே 'மகிழ்ச்சி' என்று எழுதிவிடுகிறது. தொல்காப்பியம் அந்த இடத்தில் சிரிப்பை வேறாகவும் மகிழ்ச்சியை வேறாகவும் வைத்திருக்கிறது. இவ்வளவு நுட்பமான பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'உணர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அள்ளிப்போட வேண்டுமா?

இலக்கியச் சொல்லைத் தொழில்நுட்பத்துக்கு இழுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏவுகணையில் இருக்கும் கணை எங்கிருந்து வந்தது? பொறி எங்கிருந்து வந்தது? தாராளமாக இழுக்கலாம். மெய்ப்பாட்டில் உள்ளத்து உணர்வும் அடங்கும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொல்லின் அழுத்தம் மெய்யில் தோன்றுவதன்மேல் விழுகிறது. அந்த அழுத்தம் நமக்குப் போதும்.

அதனால் நான் ஒரு சொல்லைத் தராமல் மூன்று சொற்களைத் தருகிறேன். புன்னகை, முகச்சுளிப்பு, குரல் உயர்தல் போன்ற வெளிப்படையான குறிகளைப் பிடிப்பது மெய்ப்பாடு கண்டறிதல். அந்தக் குறிகளிலிருந்து மனநிலையை ஊகிப்பது உணர்ச்சிக் கணிப்பு. ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தையும் களைப்பையும் கண்டு எச்சரிப்பது அயர்வு கண்டறிதல். எதிரே இருப்பதைத்தான் கண்டறிய முடியும். இல்லாமலும் போகக்கூடியதைக் கணிக்க மட்டுமே முடியும். துறைக்கே பொதுப்பெயர் வேண்டுமானால் மெய்ப்பாட்டுக் கணிமை (கணிமை என்றால் கம்ப்யூட்டிங்) என்று வைக்கலாம்.

இது வெறும் சொல்லாசை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதே கோடுகளைத்தான் போடுகிறது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. புன்னகையையோ முகச்சுளிப்பையோ கண்டுகொள்வது மட்டும், அதிலிருந்து உணர்ச்சியை ஊகிக்காதவரை, அந்த வரையறைக்குள் வராது. வலியும் களைப்பும் அந்தச் சட்டத்தின் பார்வையில் உணர்ச்சிகளே இல்லை. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 7 சதவீதம், இவற்றில் அதிகமானது வரை அபராதம் போகலாம். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பது நண்பரின் வாசகருக்கு எப்படிப் புரியும்?

சந்தையும் இந்தக் கோடுகளை ஒட்டியே நகர்ந்திருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் முகத்தை அளந்த ஹயர்வியூ நிறுவனம், அந்தப் பகுதியைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் தன் முகச் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை நீக்குவதாக 2022 ஜூனில் சொன்னது. எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து 2009இல் பிறந்த அஃபெக்டிவா, விளம்பரம் பார்ப்பவர்களின் முகத்தை அவர்களின் சம்மதத்தோடு வெப்கேமராவில் பதிந்து, எந்த நொடியில் சிரித்தார்கள், எந்த நொடியில் புருவம் நெரிந்தது என்று வரைபடம் போட்டுக் கொடுத்து வளர்ந்தது. 2021இல் அதை 7.35 கோடி டாலருக்கு வாங்கிய ஸ்மார்ட் ஐ, ஓட்டுநரைக் கண்காணிக்கும் கருவிகள் செய்யும் ஸ்வீடன் நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் அயர்வு எச்சரிக்கை கட்டாயம் என்பதால், காசு அந்தப் பக்கம் போவதில் வியப்பில்லை.

இனி, கட்டணச் சொற்கள். நண்பர் கட்டாயம் எழுத வேண்டிய எடுத்துக்காட்டு பார்சிலோனாவின் தெயாத்ரநெவ் நகைச்சுவை அரங்கம். ஸ்பெயின் அரசு நாடக டிக்கெட் மீதான வரியை 8 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக உயர்த்தியதும் கூட்டம் குறைந்தது. அரங்கத்தார் நுழைவை இலவசமாக்கி, முன்னிருக்கைகளின் முதுகில் சிரிப்பை எண்ணும் டேப்லெட்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் 0.30 யூரோ. 24 யூரோ உச்சவரம்பு, அதாவது எண்பது சிரிப்புக்கு மேல் கட்டணம் இல்லை. அங்கே விலை வைக்கப்பட்டது நகைக்கு. உவகை கணக்கிலேயே வரவில்லை. நடிகரின் திறமைக்குச் சிரித்தாரா, எள்ளிச் சிரித்தாரா என்று டேப்லெட் கேட்கவும் இல்லை. இந்தத் துறையில் நான் அறிந்த மிக நேர்மையான விலை இது. கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டும் காசு.

ரெக்கக்னிஷனின் கட்டணம் அமெரிக்கப் பட்டியலின்படி மாதத்தின் முதல் 10 லட்சம் படங்களுக்குப் படம் ஒன்றுக்கு 0.001 டாலர். மலிவாகத் தோன்றும். ஒரு கடையில் நொடிக்கு ஒரு படம் வீதம் பத்து மணி நேரம் அனுப்பினால் 36,000 படங்கள். ஒரே கேமராவுக்கு நாளொன்றுக்கு 36 டாலர். ஒரு படத்தில் பல முகங்கள் இருந்தாலும் படத்துக்குத்தான் கட்டணம். எனவே இதைப் 'படக்கணக்கு' என்போம். குரல் சேவைகளுக்கு நிமிடக்கணக்கு, அழைப்பு மைய மென்பொருளுக்கு ஆள்கணக்கு, கார்களுக்கு வண்டிக்கணக்கு. நாள்கணக்கில் கூலி என்று பேசிப் பழகியவர்களுக்கு இவை விளக்கமின்றியே புரியும். ஆள்கணக்குக்கு, ஆங்கிலத்தின் 'பெர் சீட்' வழக்கை ஒட்டி, 'இருக்கைக் கட்டணம்' என்ற பரிந்துரையும் வந்தது. படிப்பவர் பஸ்ஸையோ திரையரங்கையோதான் நினைப்பார், வேண்டாம்.

பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப வீதம் மாறுவதை 'அடுக்குக் கட்டணம்' என்பதில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டுபவருக்கு அடுக்கு ஏறினால் வீதமும் ஏறும். மேகக் கணிமை (கிளவுட்) சேவைகளில் அளவு கூடக்கூட வீதம் இறங்குகிறது. 'இறங்கடுக்குக் கட்டணம்' என்றால் குழப்பம் தீரும். முன்னோட்டச் சோதனைக்கு 'வெள்ளோட்டம்' இருக்கும்போது புதிதாக ஒன்று வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரும் கான்ஃபிடன்ஸ் சதவீதத்தை என்னவென்று சொல்வது? 'நம்பிக்கை மதிப்பெண்' என்றால் 92 சதவீதம் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று கடைக்காரர் படிப்பார். தன் கணிப்பில் மென்பொருளுக்கு எவ்வளவு உறுதி என்பதையே அந்த எண் காட்டுகிறது. 'கணிப்புறுதி' என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.