முந்தைய நிறுவனம் வாங்கிப் போட்ட பேக்லிங்குகள்: வாடிக்கையாளரிடம் சொல்வதா?

கேள்வி:
வெட் கிரைண்டர் உதிரிபாகங்கள் விற்கும் ஒருவரின் இணையதளத்துக்கு எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும்) பணியைச் சென்ற மாதம் ஏற்றேன். தளத்தின் தேடல் விவரங்களைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், சூதாட்டத் தளங்களிலிருந்தும் எங்கோ வெளிநாட்டுச் சமையல் வலைப்பூக்களிலிருந்தும், 'கிரைண்டர் கல் விலை' என்ற ஒரே ஆங்கர் டெக்ஸ்டுடன் (இணைப்பில் சொடுக்கும் சொற்கள்) நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள், அதாவது பேக்லிங்குகள், வருகின்றன. எனக்கு முன்பு வேலை பார்த்த நிறுவனம் காசு கொடுத்து வாங்கியவை என்பதில் ஐயமில்லை. உரிமையாளரோ முதல் பக்கத்தில் வருகிறோம் என்ற மகிழ்ச்சியில் இருக்கிறார். வந்ததும் வராததுமாகப் பழையவர்களைக் குறை சொல்கிறேன் என்று அவர் நினைக்கக்கூடும். இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் கேட்கும் டிஸ்அவோ கோப்பை, அவரிடம் சொல்லாமலே ஏற்றிவிடலாமா?

மறுமொழி 1:
கூடாது. தளம் அவருடையது, அடி விழுந்தால் அவருக்குத்தான் விழும். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி நிறுவனத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். காசு கொடுத்துப் பெற்ற இணைப்புகளை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியதும், கூகுள் அத்தளத்தைத் தரவரிசையில் கீழே தள்ளியது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கூறி அந்நிறுவனம் தன் எஸ்.இ.ஓ. முகமையை நீக்கியது, ஆனாலும் தரவரிசையில் விழுந்த அடி அதனால் நின்றுவிடவில்லை. ஆகவே கண்டதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். யாரையும் திட்டாமல், பட்டியலை மட்டும் இணையுங்கள்.

மறுமொழி 2:
சொல்வது சரி, ஆனால் டிஸ்அவோவில் அவசரப்பட வேண்டாம். 2012இல் கூகுளின் பென்குயின் என்ற அல்காரித மாற்றம் வந்தபோது இத்தகைய இணைப்புகள் தளத்தையே கீழே இழுத்தன; 2016இல் அது மைய அல்காரிதத்தில் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதே நடைமுறை. மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஊழியர்கள் நேரடியாகப் பார்த்து விதிக்கும் தண்டனை) வந்திருந்தாலோ, வரும் என்ற நிலை இருந்தாலோ மட்டுமே அந்தக் கருவியைப் பயன்படுத்துமாறு கூகுளும் சொல்கிறது. நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிவிட்டுத் தவிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மேனுவல் ஆக்‌ஷன் எதுவும் இல்லை. நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தால், "அப்படியானால் நீங்களும் இன்னும் ஐம்பது வாங்கிப் போடுங்களேன்" என்கிறார்! விளம்பரக் கட்டுரை வேண்டுமானால் வாங்கலாம், ஆனால் இணைப்பில் 'ஸ்பான்சர்டு' என்ற குறியீடு இருக்கும், அதனால் தரவரிசை உயராது என்று விளக்கியதும் ஆர்வம் போய்விட்டது. இப்போது கடைத் தொலைபேசியில் வாடிக்கையாளர்கள் கேட்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் நாளிலேயே, 2 லிட்டர் கிரைண்டருக்கு எந்த அளவு பெல்ட் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். தளத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.