வேலைநிறுத்தத்துக்கு சிவில் கோர்ட் தடை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பழைய சட்டங்கள் நடப்பில் இருந்தபோது எங்கள் ஆலையில் நடந்தது இது. போனஸ் பேச்சு முறிந்து நாங்கள் வெளியே வந்த கையோடு நிர்வாகம் சிவில் கோர்ட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு நோட்டீஸ் இல்லை. இடைக்காலத் தடை உத்தரவை அமீனா வந்து கேட்டில் ஒட்டியபோதுதான் வழக்கு இருப்பதே தெரிந்தது. ஆலையிலிருந்து 200 மீட்டருக்குள் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது, ஆட்களையும் லாரிகளையும் மறிக்கக் கூடாது. கடைசியாக ஒரு வரி: வேலைநிறுத்தத்தில் ஈடுபடக் கூடாது.

எல்லோருக்கும் கோபம் அந்த 200 மீட்டர் மேல்தான். வக்கீல் அம்மா மட்டும் கடைசி வரியைப் பென்சிலால் கோடிட்டார். “மறிக்காதேன்னு சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. வேலைக்குப் போன்னு சொல்ல எங்கே இருக்கு?” என்றார்.

அவர் வாதம் இப்படிப் போனது. 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, தொழில் தகராறை ஒட்டிய செயல் முதலாளியின் வியாபாரத்தைப் பாதிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு பெற்ற சங்கத்தின் மேல் சிவில் வழக்கு நிற்காது. 1963 ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டப்படி, ஒருவரை வேலை செய்யச் சொல்லி கோர்ட் கட்டாயப்படுத்த முடியாது. அதையே தடையாணை வழியாகச் சுற்றிவளைத்துச் செய்யவும் முடியாது. அடிதடி, முற்றுகை என்றால் கதை வேறு. கெரோவுக்கு, அதாவது நிர்வாகத்தினரை வெளியே விடாமல் சூழ்ந்து அடைத்துவைப்பதற்கு, இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 1960களின் கடைசியிலேயே சொல்லிவிட்டது. அதை எங்கள் தரப்பே முதலில் ஒப்புக்கொண்டது. எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது.

வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் சொன்ன 2003 ரங்கராஜன் தீர்ப்பை நிர்வாகத் தரப்பு நீட்டியது. அது அரசு ஊழியர்களைப் பற்றிய வழக்கு. 1947 தொழில் தகராறு சட்டமோ எந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று தனியாகப் பட்டியலிட்டிருந்தது. அப்படியானால் மற்றதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதுதானே?

அப்புறம் அந்த 200 மீட்டர். ஊருக்குப் போகும் பஸ் ஸ்டாப்பே அதற்குள்தான் இருந்தது. கைவரைபடம் ஒன்றைத் தாக்கல் செய்தோம். நீதிபதி அதை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தார். கடைசி வரி நீக்கப்பட்டது. மறிக்கக் கூடாது என்பது அப்படியே நின்றது, நாங்களும் மறிக்கவில்லை.

பதில்: பக்கத்து மாவட்டச் சங்கச் செயலாளர்

தோழர், எங்களுக்குக் கைகொடுத்தது கேவியட், அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கோர்ட்டில் கொடுக்கும் மனு. சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ. போட்டுவிட்டால் 90 நாளுக்கு நமக்குத் தெரிவிக்காமல் உத்தரவு வாங்க முடியாது. நீங்கள் சொன்ன 1926, 1947 சட்டங்களுக்குப் பதிலாக 2020 தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின் எந்த ஆலையானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். மனு தயாரிக்க நிர்வாகத்துக்கு அந்த அவகாசம் தாராளம். அதனால் நோட்டீஸ் கொடுக்கும் அன்றே கேவியட்டும் போட்டுவிடுங்கள். சங்கத்தின் பெயரில் மட்டும் போதாது, நிர்வாகிகள் ஒவ்வொருவர் பெயரிலும் வேண்டும். எங்கள் பொருளாளரைத் தனியாகப் பிரதிவாதி ஆக்கப் பார்த்தார்கள். 18-வது பிரிவின் பாதுகாப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற மில் தொழிலாளி

எங்கள் மேல் தடையோடு நஷ்டஈடும் கேட்டார்கள். வேலைநிறுத்தம் சட்டவிரோதம், அதனால் உற்பத்தி இழப்பை சங்கம் தரவேண்டும் என்று வழக்கு. வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள், வீடு ஜப்தியாகுமோ என்று. எங்கள் வக்கீல் 1975 ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை எடுத்து வைத்தார்: சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு என்ன தண்டனை என்று தொழில் தகராறு சட்டமே சொல்லியிருக்கிறது, அதற்கு மேல் நஷ்டஈடு கிடையாது. நிர்வாகம் அந்தக் கோரிக்கையை மட்டும் வாபஸ் வாங்கியது. சம்மன் வந்தால் முதலில் ‘பரிகாரம்’ பகுதியைப் படியுங்கள். எத்தனை கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தின் கீழ் என்று வக்கீலிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.