21,000 ஊதிய வரம்பு மாறலயாம், அதனால இஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசு காப்பீடு) ஒண்ணும் செய்ய வேண்டாமாம்!

பேரோல்_பாண்டி: பக்கத்துத் திரியில ஒரு புண்ணியவான் "இஎஸ்ஐ வரம்பு அதே 21,000தான், முதலாளிகள் நிம்மதியா தூங்கலாம்"னு எழுதியிருக்கார். ஆளாளுக்கு லைக் வேற. மாச ஊதியம் 21,000 வரைக்கும் உள்ளவங்கதான் இஎஸ்ஐக்குள்ள வருவாங்க. அந்த வரம்பு மாறலய்யா, எதை ஊதியம்னு எண்ணுறதுங்கிறது மாறிடுச்சு. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்தாச்சு. எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) இனி ஊதியத்துல சேராது.

மாசம் 24,000 வாங்குறவர்: பேசிக்+டிஏ (அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி) 12,000, எச்ஆர்ஏ 6,000, கன்வேயன்ஸ் (போக்குவரத்துப்படி) 2,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,000. பழைய கணக்குல கன்வேயன்ஸ் மட்டும் கழியும். 22,000, வரம்புக்கு மேல, ஆள் இஎஸ்ஐக்கு வெளியே. இப்ப எச்ஆர்ஏவும் கழியும். 16,000, ஆள் உள்ளே. தொழிலாளி பங்கு 120, கம்பெனி பங்கு 520.

கோவை_கன்சல்டன்ட்: வந்துட்டாருய்யா வாத்தியார். 1948 சட்டத்துல இருந்து எச்ஆர்ஏவைச் சேர்த்துத்தான் கட்டுறோம். 21,000ங்கிறது பழைய விதி 50. அது அப்படியே நிக்குதாம், எச்ஆர்ஏ மட்டும் எந்திரிச்சுப் போயிடுச்சாம்!

பேரோல்_பாண்டி: புதுச் சட்டத்துக்கு முரண் இல்லாத வரைக்கும்தான் பழைய விதி நிக்கும். எச்ஆர்ஏ விலக்கு சட்டத்துலயே இருக்கு, விதியில இல்ல. படிச்சுட்டு வாங்க.

மில்கேட்: எச்ஆர்ஏவை விடுங்கப்பா, திருப்பூர்ல எங்களுக்கு ஓடிதான் (ஓவர்டைம் கூலி) தலைவலி. முன்னெல்லாம் ஓடி வரம்புக்குச் சேராது, பங்களிப்புக்குச் சேரும். இப்ப?

பேரோல்_பாண்டி: அதுவும் விலக்குப் பட்டியல்லதான். ஆனா விலக்கெல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டினது ஊதியத்துல சேரும். பேசிக்+டிஏ 12,000, எச்ஆர்ஏ 6,000, ஓடி 8,000. மொத்தம் 26,000, பாதி 13,000, விலக்கு 14,000. மிச்சம் 1,000 உள்ளே வந்து ஊதியம் 13,000. ஓடி மாசாமாசம் மாறும்; சாஃப்ட்வேர்ல நிலையான தொகையா போட்டு வச்சா அடுத்த மாசமே தப்பும்.

கோவை_கன்சல்டன்ட்: எச்ஆர்ஏவுக்குப் பதில் வரல.

நியாயம்_பேசு: பிடித்தம் குறையுதுன்னு குதிக்காதீங்க. எச்ஆர்ஏ 6,000 உட்பட 18,000 வாங்குறவருக்கு நோய்க்கால ஊதியம் 70 சதவீதம், நாளுக்கு 420 வந்தது. எச்ஆர்ஏவைக் கழிச்சு 12,000க்குக் கட்டினா 280. அதை எந்த எச்ஆர் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவார்?

மில்கேட்: யூனியன் பேச்சு ஆரம்பிச்சாச்சு.



பேரோல்_பாண்டி: சண்டையை அப்புறம் போடுங்க. புதுசா உள்ள வர்றவங்களைக் குரூப் மெடிக்ளைம்ல (கம்பெனி எடுக்கிற மருத்துவக் காப்பீடு) இருந்து அவசரப்பட்டுத் தூக்காதீங்க. இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வைத்தியம் உடனே உண்டு. ஆனா ஏப்ரல்ல சேர்றவருக்கு நோய்க்கால ஊதியம் ஜனவரியிலதான், அதுவும் 78 நாள் பங்களிப்பு இருந்தா. முதல்ல 21,000க்கு மேல சம்பளம்னு ஒதுக்கி வச்சவங்க பட்டியலை எடுங்க. ஒரு ஆளை விட்டுட்டு அப்புறம் மாட்டினா, பழைய மாசத்துக்கான தொழிலாளி பங்கை (0.75 சதவீதம்) அவர்கிட்ட பிடிக்க முடியாது. ரெண்டு பங்கும் கம்பெனி தலையில, 12 சதவீத வட்டியோட.

கோவை_கன்சல்டன்ட்: எங்க கிளையண்ட் எல்லாரும் எச்ஆர்ஏ சேர்த்துத்தான் கட்டுறாங்க. கூடக் கட்டினவனை எந்த இன்ஸ்பெக்டர் கேட்டான்?

பேரோல்_பாண்டி: கூடக் கட்டினவனைக் கேட்க மாட்டான். அதே எச்ஆர்ஏவைக் காட்டி வெளியே நிறுத்தி வச்சிருக்கீங்களே, அந்த 24,000காரருக்கு என்ன கட்டினீங்க?

கோவை_கன்சல்டன்ட்: எச்ஆர்ஏ ஊதியம்தான். நான் சொல்றது அவ்வளவுதான்.