ஊருக்கு மருத்துவச் சாதனம் கொண்டுபோகிறவர்கள் பெட்டி கட்டும் முன் பார்க்க

அன்பான ஊர்க்காரர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு பெட்டியில் மருத்துவச் சாதனம் கொண்டுபோய், ஊரில் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. நல்ல காரியம். ஆனால் குழுவில் வந்த பட்டியலில் பாதி, திருவனந்தபுரம் கஸ்டம்ஸ் மேசையிலேயே நின்றுவிடும். மீதியில் சில ஊருக்குப் போய்ச் சேராமல் இருப்பதே நல்லது. காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் மாத்திரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1945ஆம் வருட மருந்து விதிகளில் 36ஆவது விதி, ஒரு பயணி தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் மருந்து கொண்டுவர இடம் தருகிறது. அதுவும் ஒரு மருந்துக்கு 100 வேளை அளவுக்கு மேல் கூடாது. "ஊரில் உள்ள வயசாளிகளுக்கு" என்று சொன்ன நிமிஷமே அந்தச் சலுகை போய்விடும். விற்கவில்லை, தானம்தான் கொடுக்கிறோம் என்பது இதற்குப் பதில் ஆகாது. யார் சாப்பிடப் போகிறார் என்பதுதான் கேள்வி. குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு இந்தியாவில் கிடைக்காத மருந்து வேண்டுமென்றால், டாக்டர் சீட்டோடு படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்குகிற வழி இருக்கிறது. அதைப் பயணத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். ஏர்போர்ட்டில் வைத்து முடியாது.

மீந்துபோன மருந்தை வாங்கிச் சேர்ப்பது இன்னும் மோசம். நோயாளி திருப்பிக் கொடுத்த மருந்தைத் தானமாக அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. இறந்துபோனவர் வீட்டில் மிஞ்சிய மார்பின், ஃபென்டனைல் பேட்ச் போன்ற கடும் வலிக்கான போதை மருந்துகளைத் தொடவே வேண்டாம். டிராமடால் என்கிற வலி மாத்திரையும் 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. தூக்க மாத்திரைகளில் பலவும் அதே சட்டத்தில்தான்.

இத்தனைக்கும் தேவையும் இல்லை. பிரஷருக்கும் சுகருக்கும் உள்ள மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஜன் ஔஷதி கடை இருக்கிறது, 2025-இல் வந்த முதல்வர் மருந்தகம் இருக்கிறது. மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

இனி கருவிகள். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்து என்ற கணக்கில் வந்துவிட்டன. கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), சிரிஞ்சு, பிபி மெஷின் எல்லாமே அதில் அடக்கம். மொத்தமாக இறக்குமதி செய்ய எம்டி-15 லைசென்ஸ் வேண்டும். அது கம்பெனிகளுக்கான வழி. தனி நோயாளி சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாகக் கொண்டுவர எம்டி-20 விண்ணப்பம், எம்டி-21 அனுமதி. ஆகவே "ஆளுக்கு 200 கதீட்டர் என்று ஆறு பேர் பிரித்துக் கொண்டுபோகலாம்" என்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே விமானத்தில் ஆறு பெட்டியில் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி ஸ்கேனில் தெரிந்தால், லைசென்ஸ் இல்லாத சரக்கைப் பங்குபோட்டுக் கடத்துகிறார்கள் என்றுதான் அதிகாரி நினைப்பார். நினைத்தால் தப்பும் சொல்ல முடியாது.

டூட்டி ஃப்ரீ வரம்பைப் பற்றி ஒரு சித்தப்பா கேட்டிருந்தார். 2016 பயணச் சாமான் விதிகளில் 50,000 ரூபாய் இருந்தது; இது அவ்வப்போது மாறுகிற தொகை, பயண வாரத்தில் கஸ்டம்ஸ் தளத்தில் ஒருமுறை பாருங்கள். ஆனால் அந்த வரம்பு நம் சொந்தச் சாமானுக்கும் நாம் கொடுக்கிற அன்பளிப்புக்கும் உள்ளது. லைசென்ஸ் வேண்டிய பொருளை மதிப்புக் குறைவு என்பதற்காக உள்ளே விடாது. வரி வேறு, அனுமதி வேறு. இதைக் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 2021 கொரோனா நேரத்தில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை அன்பளிப்பாக அனுப்பத் தந்த தளர்வையும் இப்போது நம்ப வேண்டாம். அது அந்த வருடம் ஜூலை 31 வரைக்கும்தான்.

அப்படியானால் என்ன கொண்டுபோகலாம்? பெயர் தெரிந்த ஒரு நோயாளிக்கு, அவருக்கு வேண்டிய புதிய, சீல் உடைக்காத பொருள், அவருக்கு ஆகும் அளவு. கொண்டுபோய் ரெட் சேனலில், அதாவது கஸ்டம்ஸில் சொல்ல வேண்டிய பொருள் உள்ளவர்கள் போகும் வழியில், போய்ச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் நடந்து, பையில் சாக்பீஸ் குறி விழுந்து, பிறகு திறந்து காட்டுவதும், நாமே போய்ச் சொல்வதும் ஒன்றல்ல. சுங்கச் சட்டம் 80ஆம் பிரிவில் ஒரு வசதி இருக்கிறது: உள்ளே விட முடியாத பொருளை அவர்களிடமே வைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உண்மையாக டிக்ளேர் செய்தவருக்கு மட்டும்தான் அது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சாமான் அந்த ஏர்போர்ட்டில்தான் கிடக்கும். திருவனந்தபுரத்தில் இறங்கி மதுரை வழியாகத் திரும்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மும்பையிலோ சென்னையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு கஸ்டம்ஸ் அங்கேயே முடிந்துவிடும். காகிதம் கைப்பையில் இருக்கட்டும்.

காகிதம் என்றால் இவ்வளவு: மேலே சொன்ன அனுமதி, நோயாளியின் டாக்டர் லெட்டர்பேடில் எழுதிய சீட்டு, கடை பில், ஒரு பக்கப் பட்டியல். பட்டியலில் பொருள், பிராண்டு, பேட்ச் எண், காலாவதி மாதம், எண்ணிக்கை, வாங்கிய விலை. இரண்டு பிரதி, ஒன்று கையில், ஒன்று பெட்டியில் மேலாக. "வணிக மதிப்பு இல்லை" என்று எழுதாதீர்கள். கஸ்டம்ஸ் பூஜ்யம் மதிப்பை ஒத்துக்கொள்ளாது. அவர்களே ஒரு விலை போடுவார்கள், அது நம் பில்லைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். நிடோ பால்பொடி டப்பாவுக்கும் டாங் ஜூஸ்பொடி டப்பாவுக்கும் நடுவில் சிரிஞ்சுப் பொட்டலம் செருகி வைத்தால் ஒளித்த மாதிரிதான் தோன்றும். நாம் திறந்து பார்க்காத பொட்டலத்தை யார் தந்தாலும், சொந்த மச்சானே தந்தாலும், வாங்க வேண்டாம்.

விமானக் கம்பெனி பக்கம்: தனி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை கேள்வியில்லை, 160 வரை கம்பெனி அனுமதி, அதற்கு மேல் கிடையாது. மெர்க்குரி உள்ள பழைய பிபி மெஷின் ஏற்ற மாட்டார்கள். இன்சுலினும் கைப்பையில்தான், கீழே சரக்கறையில் உறைந்துபோனால் பிறகு பயன்படாது. வேறொருவருக்குக் கொண்டுபோகிற வீல்சேர் இலவசமாகப் போகாது, பேக்கேஜ் கணக்குதான்.

அயர்லாந்திலிருந்து ஒரு அக்கா இன்சுலின் சிரிஞ்சு பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா, தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டுச் சிரிஞ்சு யு-100, அதாவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது, ஆரஞ்சு மூடி. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குரிய யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 20 யூனிட் போடச் சொன்ன ஒருவர் 40 யூனிட் குப்பியிலிருந்து யு-100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சுகர் ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு சிரிஞ்சு தீர்ந்து பழைய சிவப்பு மூடிக்கு மாறினால், கூட்டிய அளவு முழுசாக உள்ளே போகும். அங்கேதான் ஆள் மயங்கி விழுவார். இதற்கு நேர்மாறாக, 100 யூனிட் குப்பிக்கு யு-40 சிரிஞ்சு எடுத்தால் 20 கோட்டில் 50 யூனிட். வீட்டில் இரண்டு நிற மூடியும் கலந்து கிடப்பதுதான் ஆபத்து. பேனா ஊசி என்றால் இந்தச் சிக்கல் இல்லை. 4 மில்லிமீட்டர் ஊசி பெரும்பாலான இன்சுலின் பேனாக்களில் பொருந்தும்.

குளுக்கோமீட்டரும் அதே மாதிரி. இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலிய மீட்டர் மில்லிமோலில் காட்டும். நம் ஊரில் எல்லாரும் பேசுவது மில்லிகிராம் கணக்கு. 9.4 என்று வந்தால் 18-ஆல் பெருக்க வேண்டும், 169. அதைப் பாட்டி எங்கே போய்ப் பெருக்குவார்? "ஒம்பதுதான் இருக்கு" என்று பயந்து சர்க்கரையை அள்ளி வாயில் போடுவார். அதோடு, அந்த மீட்டருக்கு உரிய ஸ்ட்ரிப் நாகர்கோவிலில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். 50 ஸ்ட்ரிப் தீர்ந்ததும் அது பிள்ளைகள் விளையாட ஆகும், அவ்வளவுதான். ஸ்ட்ரிப் குப்பியைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். பாலராமபுரத்திலும் களியக்காவிளையிலும் வண்டி ஊர்கிற வேகத்தில் உள்ளே வெந்துவிடும். கடற்காற்று ஈரத்துக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து மின்கருவி என்றால் லேபிளைப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பிளக் மாற்றினால் போதும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது; நெபுலைசர், கான்சன்ட்ரேட்டர் மோட்டார் சூடாகி நாளடைவில் போய்விடும். ஆஸ்பத்திரி ஒதுக்கிய பழைய வென்டிலேட்டர், ஐசியூ மானிட்டர் பற்றி இனி பேசவே வேண்டாம். பயன்படுத்திய தீவிர சிகிச்சைக் கருவிகளை 2016 அபாயகரக் கழிவு விதிகள் தடைசெய்திருக்கின்றன.

பெட்டியில் இடம் கொடுக்கத் தகுந்தது, என் கணக்கில், ஸ்டோமா பைதான் (ஆபரேஷனில் வயிற்றில் வழி வைத்தவர்கள் கழிவு சேர ஒட்டிக்கொள்ளும் பை). எடை குறைவு, ஊரில் விலை கூடுதல், வேண்டியவர்கள் கூச்சத்தில் கேட்பதும் இல்லை. இரண்டு துண்டு வகை என்றால் தோலில் ஒட்டும் தட்டும் பையும் ஒரே கம்பெனி, ஒரே அளவாக இருக்க வேண்டும். 57 மில்லிமீட்டர் தட்டில் 45 பை நிற்காது. பழைய பையின் அட்டையை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து வாங்கி, அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். காது மெஷின் பேட்டரியும் பரவாயில்லை. ஸ்டிக்கர் நிறம் கேளுங்கள், பழுப்பு என்றால் 312 அளவு, ஆரஞ்சு 13, நீலம் 675.

நிறைய அனுப்ப வேண்டுமென்றால் அது பெட்டிக் காரியம் அல்ல. ஊரில் பதிவான ஒரு அறக்கட்டளை பெயரில் கார்கோவாகப் போக வேண்டும். கிளியரிங் ஏஜென்ட், பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் பத்திரம் எல்லாம் உண்டு. அங்கேயும் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நிற்கிறது. அந்தச் சட்டம் பணத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம், பொருளுக்கும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய ஓசிஐ கார்டுக்காரர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைதான், ஊரில் பிறந்தவராக இருந்தாலும். நம் குழுவில் இரண்டு வகையும் இருப்பதால் கணக்கைத் தனித்தனியாக வையுங்கள்.

இந்த முறை போகிறவர்கள் விமானத் தேதி, இறங்கும் ஊர், திரும்பும் ஊர், நோயாளியின் தேவை, காலாவதி மாதம் ஆகியவற்றைச் செயலாளருக்குத் தனி மடலில் அனுப்புங்கள். நோயாளி பெயரைக் குழுவில் போட வேண்டாம்.