பெர்குசன் விட்டுச்சென்றது கிழட்டு அணியா?

செங்கொடி:
மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பெர்குசன் 2013இல் விலகி, அந்த இடத்துக்கு மோயஸ் வந்ததைப் பற்றி, ‘பெர்குசன் ஓய்ந்துபோன கிழட்டு அணியை மோயஸ் தலையில் கட்டிவிட்டுப் போனார்’ என்று நேற்று கோப்_குமார் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2013இல் அந்தக் ‘கிழட்டு’ அணி இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றது 11 புள்ளி வித்தியாசத்தில். மறுபடியும் சொல்கிறேன், 11. அடுத்த ஏப்ரலில் அதே அணி ஏழாம் இடத்தில் கிடந்தது. பத்து மாதத்தில் எல்லோருக்கும் நரைத்துவிட்டதா?

கோப்_குமார்:
அந்த அணியில் ஆடிய கிக்ஸுக்கு அப்போது வயது 39. பெர்டினண்டுக்கு 34. ஓய்வு பெற்றுவிட்ட ஸ்கோல்ஸைத் திரும்ப அழைத்து வந்து ஆடவைத்தவர் உங்கள் பெர்குசன். ஸ்கோல்ஸ் இடத்துக்கு யாரைத் தயார் செய்து வைத்தார்? கிக்ஸுக்கு வயது 39 ஐயா.

செங்கொடி:
டி கியாவுக்கு 22, ரஃபேலுக்கு 22, ஜோன்ஸுக்கு 21. இவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்களா? 2014 பிப்ரவரியில் நம் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஃபுல்ஹாம் அணியோடு நடந்த ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். எதிரணி பட்டியலில் கடைசி இடம். நம்மவர்கள் பக்கவாட்டிலிருந்து எண்பது முறைக்கு மேல் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள், வேறு வழியே தெரியாதவர்கள்போல. கடைசி நிமிடத்தில் டேரன் பென்ட் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். அப்படி ஆடச் சொன்னது கிக்ஸின் வயதா?

பழைய_மைதானம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். வீரர்களை வாங்கும் வேலை முழுவதும் கில் இடத்துக்கு வந்த புதியவர் கைக்குப் போனது. தவிரவும், பெர்குசன் முதல் லீக் பட்டம் வெல்ல ஆறரை ஆண்டு பொறுத்தார்கள். மோயஸுக்குக் கொடுத்தது பத்து மாதம்.

கோப்_குமார்:
அந்த மோயஸைத் தேர்ந்தெடுத்ததும் பெர்குசன்தானே? எங்கள் லிவர்பூல் அணியின் பயிற்சியாளர் பெய்ஸ்லியைப் பாருங்கள். ஒன்பது பருவத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை. அவர் விட்டுப்போன அடுத்த பருவத்திலேயே, அவர் இடத்துக்கு வந்த ஃபேகன் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். மரபு என்றால் அது.

செங்கொடி:
அதே மரபில் வந்த லிவர்பூல் பயிற்சியாளர் டால்கிலிஷ் 1991இல் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போதே பாதியில் விலகி ஓடவில்லையா? பெர்குசன் 26 ஆண்டு நின்றார்.

கோப்_குமார்:
‘ஓடினார்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். ஒரே நாளில் நான்கு இறுதிச்சடங்குகளுக்குப் போய் நின்ற மனிதர் அவர். போன ஆண்டும் இதே பேச்சைப் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

பழைய_மைதானம்:
செங்கொடி, அந்தச் சொல் தவறு.

செங்கொடி:
இறந்தவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பேச்சு டால்கிலிஷைப் பற்றியதும் அல்ல, அவரை நீங்கள் இழுத்துப் பேச்சை மாற்றுகிறீர்கள்.

கோப்_குமார்:
இழுத்தது நீங்கள்! மேலே போய்ப் படியுங்கள்.

செங்கொடி:
படித்துவிட்டேன். 11 புள்ளிக்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

கோப்_குமார்:
39 வயதுக்கு உங்களிடமிருந்தும் வரவில்லை.