புதுப்பிப்பு: பக்கத்து மண்டி, கார்பைட் கல்

சந்தூரில் எங்கள் மண்டிக்கு அடுத்த மண்டிக்காரர் கார்பைட் கல் வைத்து மாங்காய் பழுக்க வைக்கிறார், புகார் கொடுப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "உடனே கொடு" என்றவர்கள்தான் அதிகம். அவர் முகத்தில் தினமும் விழிப்பது நான்தானே!

முதலில் அவரிடமே போனேன். கூடைக்கு அடியில் காகிதப் பொட்டலம், குப்பென்று பூண்டு வாடை. "அண்ணா, இது 2011 உணவுப் பாதுகாப்பு விதியிலேயே தடை. ஆர்சனிக், பாஸ்பரஸ் எல்லாம் கலந்திருக்கும். அறையில் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைப்பது என்றால் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அனுமதி உண்டு" என்றேன்.

"அதுக்கு அறை கட்ட நீ பணம் தர்றியா தம்பி?"

கேள்வி நியாயம். அதற்காகக் கல் வைப்பது நியாயமாகிவிடாது.

எங்கள் எத்திலீன் அறை பாதிதான் நிறைகிறது. வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நாள் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டார். இப்போது செந்தூராவும் பங்கனப்பள்ளியும் எங்களிடம்தான் வருகின்றன. பெங்களூரா ரகம் எப்படியும் காயாகவே கூழ் ஆலைக்குப் போய்விடும்.

புகார் கொடுக்கவில்லை. மறுபடி அந்த வாடை வந்தால் கொடுப்பேன் என்று நேராகவே சொல்லிவிட்டேன். வாடகை ஒழுங்காக வருகிறது. டீக்குக் கூப்பிடுவதைத்தான் நிறுத்திவிட்டார்.